கடலோரக் காடுகள் – 9: கட்டுச்சோறு கட்டும் மாதம்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. அந்த முனையில் இருக்கும் காட்டை 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில் வந்து போய்விடுகிறார்கள். மாசி பிறந்ததும் ‘சீசன் முடிந்தது’ என்ற பேச்சு கிளம்பிவிடும். இந்த நிலம் பறவைகளுக்குச் செய்கிற மிகப் பெரிய உதவியோ அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

விடிந்தும் விடியாத நேரத்தில் கோடியக்காட்டிலிருந்து நடக்கத் தொடங்கினோம். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பெண் மான்களுக்கு மணலின் நிறம். நடுவே கருத்த முதுகுடன் ஓர் ஆண், முகத்தை வானம் பார்க்கத் தூக்கி, முறுக்குக் கொம்புகளை முதுகின் மேல் சாய்த்து, அடிமேல் அடிவைத்து அவற்றைச் சுற்றி வந்தது. “கிட்டப் போவாதீங்க சார், அது வளைச்சு வச்சிருக்குற எடம்” என்றார் காவலர். ஓடித் தப்பிக்கிற விலங்கு இது. அதற்கு வெட்டவெளி வேண்டும். சீமைக்கருவேலம் அந்த வெளியை விழுங்கி வருகிறது. அதன் நெற்றை மான்களும் மட்டக்குதிரைகளும் தின்று, விதையைச் சாணத்தோடு பரப்புகின்றன. அதனால் ஒருமுறை வெட்டியதோடு வேலை முடியாது. முளைக்கிற கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கியாக வேண்டும்.

காட்டைத் தாண்டிச் சதுப்பு நிலத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தொலைவில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு அவற்றைவிட, பக்கத்துச் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை. தலை நிமிராமல் கொத்திக்கொண்டே நகர்ந்தன. கூடவே வளைந்த அலகுள்ள உள்ளான்கள், சேற்றுக்குள் அலகை முழுக்கச் செருகிப் புழுக்களை இழுத்தன. சாம்பல் நிறமாக இருந்த சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. கரையில் நின்ற பழுப்புத்தலைக் கடற்காகங்களில் சிலவற்றுக்கு, குளிர்காலத்து வெள்ளைத் தலை பாதிக்கு மேல் பழுப்பாகிவிட்டது. பயணத்துக்கான உடுப்பு அது. கடற்காகங்கள் லடாக், திபெத் ஏரிகளுக்குப் போகும். உள்ளான்கள் சைபீரியாவின் வடகோடிக்கு.

கொசு உள்ளானின் எடை 20 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் பூட்டி, எடை பார்த்து விடுகிறார்கள். வளையமிடுபவர்கள் பறவையின் கழுத்துக்குக் கீழே இறகை ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். மெல்லிய தோலுக்கு அடியில் மஞ்சளாகத் தெரிவது கொழுப்பு. அதுதான் அதன் கட்டுச்சோறு. வழியில் தங்கி இரை தேடினாலும், புறப்படும்போது உடம்பில் சேமிப்பு இல்லாத பறவை நெடுந்தூரம் தாங்காது.

திரும்புகையில் கடற்கரை மணலில் பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் கிடந்தது. முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துவிடுகிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் கடலுக்குப் போகும். ஆமைக்கு இப்படி நாம் கைகொடுக்க முடிகிறது. உள்ளானுக்கு அப்படி ஊட்டிவிட வழியில்லை. சேற்றைக் காப்பாற்றித் தருவது ஒன்றுதான் நம்மால் ஆவது.

அந்தச் சேற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவின் வடிகால் ஆறுகளும் இந்தச் சதுப்பை நிரப்புகின்றன. பிறகு நீர் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. உள்ளானின் கால் குட்டை. நீர் ஆழமாக நின்றால் அதனால் மேய முடியாது, அடியோடு காய்ந்தாலும் இரை கிடைக்காது. நீர் மெல்ல வற்றி, ஈரச் சேறு பங்குனி வரை தங்க வேண்டும். மேலே நன்னீர் வரத்து குறைந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். எனவே ஒரு சரணாலயம் நன்றாக இருக்கிறதா என்பதை மார்கழியில் வந்து இறங்கும் கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பங்குனியில் அவை வயிறு நிறைந்து கிளம்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மாசியில் கோடியக்கரைக்கு வாருங்கள். படத்துக்காகக் கூட்டத்தை நெருங்கி எழுப்பிவிடாதீர்கள்; வீணாக எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்புதான் கரைகிறது. கரையிலேயே நின்று பார்த்தாலும் அந்தச் செங்கல் நிறம் நன்றாகவே தெரியும்.

(அடுத்த வாரம்: முத்துப்பேட்டை அலையாத்திக் காடு)