போருக்குப் போகாதவர்கள் – 14: வெடிமருந்துக் காட்டில் குடியேறியவர்கள்

மென்னோனைட் கிறிஸ்தவர்கள் யார், முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்ததற்காக அமெரிக்க ராணுவ முகாம்களில் என்ன பாடுபட்டார்கள் என்பதெல்லாம் முந்தைய வாரங்களில் வந்தாயிற்று. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் காலம். 1951-ல் ஜெர்மனிக்குக் கப்பலேறிய ‘பாக்ஸ்’ தொண்டுத் திட்ட இளைஞர்களின் அன்றாடத்தைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க அந்த ஊர்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

வடமேற்கு ஜெர்மனியில் எஸ்பெல்காம்ப் என்றொரு இடம். 1930-களின் இறுதியில் ஹிட்லரின் ராணுவம் அங்கே பைன் மரக் காட்டுக்குள் ஒரு பெரிய வெடிமருந்துக் கிடங்கை அமைத்தது. குண்டுகளைத் தயார் செய்யும் கொட்டகைகள், இருப்பறைகள், தண்டவாளம், பணியாளர் விடுதிகள் எல்லாம் மரங்களுக்கு அடியில் மறைந்து நின்றன. வானத்திலிருந்து பார்த்தால் வெறும் காடு. ஜெர்மனியின் நகரங்கள் தரைமட்டமாகிக்கொண்டிருந்த காலத்தில், குண்டுகளைச் சுமந்த இந்த இடம் மட்டும் சேதமில்லாமல் தப்பியது. 1945 வசந்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அதைக் கைப்பற்றியது. போர்க் கட்டடங்கள் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது வென்றவர்களின் கொள்கை. எஸ்பெல்காம்பையும் வெடிவைத்துத் தகர்ப்பதாகவே திட்டம்.

அதைத் தடுத்தவர் பீர்கர் ஃபோரெல் என்ற ஸ்வீடன் நாட்டுப் போதகர். 1929 முதல் 1942 வரை பெர்லினில் ஸ்வீடிஷ் திருச்சபையின் போதகராக இருந்து, நாஜிகளின் துரத்தலுக்கு ஆளானவர்களுக்கு உதவியவர். பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்கிருந்த ஜெர்மன் போர்க்கைதிகளிடையே வேலை செய்தார். நாட்டிங்காம் பக்கத்தில் நார்ட்டன் கேம்ப் என்ற கைதி முகாமில், ஒய்.எம்.சி.ஏ. ஆதரவில், கைதிகளுக்காகவே ஓர் இறையியல் பள்ளி உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். முள்வேலிக்குள் நூலகம், பாடம், பரீட்சை! அங்கே படித்த இளம் கைதிகளில் ஒருவர் யூர்கன் மோல்ட்மன். நம் இறையியல் கல்லூரிகளில் இன்றும் விரும்பிப் படிக்கப்படும் அதே மோல்ட்மன்தான். தோற்றுப்போன படையின் சிப்பாயாக அந்த முகாமுக்குள் போனவர், பின்னாளில் நம்பிக்கையின் இறையியலை எழுதினார். அவருக்கென்று ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.

கைதிகளிடம் பேசப் பேச ஃபோரெலுக்கு ஒன்று புரிந்தது. விடுதலையானாலும் அவர்களில் பலருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. சிலேசியா, பொமரேனியா, கிழக்கு பிரஷ்யா எல்லாம் ஜெர்மனியின் கையைவிட்டுப் போய்விட்டன. அங்கிருந்தும் கிழக்கின் பிற பகுதிகளிலிருந்தும் துரத்தப்பட்டவர்களில் 1950 வாக்கில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ 80 லட்சம் பேர். கூரையில்லாத இத்தனை பேர் இருக்கும் நாட்டில், கூரையோடு நிற்கும் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்ப்பதா? ஃபோரெல் பிரிட்டிஷ் அதிகாரிகளை விடாமல் முட்டினார். கட்டடங்கள் தப்பின. ஜெர்மன் புரொட்டஸ்டன்ட் திருச்சபையின் நிவாரண அமைப்பு பொறுப்பெடுத்தது. அதன் தலைவர் ஆய்கன் கெர்ஸ்டன்மையர், ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலையில் நடந்த சதியில் தொடர்புடையவராகப் பிடிபட்டுச் சிறையிலிருந்தவர். குண்டுக் கிடங்கு அகதிகளின் ஊராக மாறத் தொடங்கியது. 1959-ல் நகர அந்தஸ்தும் கிடைத்தது. அதன் கடைவீதியின் பெயர் பிரெஸ்லாவர் ஸ்ட்ராஸே. பிரெஸ்லாவ் இன்று போலந்தில் இருக்கிறது. விட்டுவந்த ஊரின் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொண்டு அங்கே வாழத் தொடங்கினார்கள்.

இந்தக் காட்டுக்குத்தான் 1951 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து இருபது இளைஞர்கள் வந்தார்கள். மென்னோனைட் மத்தியக் குழு அனுப்பிய முதல் பாக்ஸ் அணி. திட்டத்தைத் தொடங்கி நடத்தியவர்களில் முக்கியமானவர் கால்வின் ரெடிகாப். இந்தியானா மாநிலத்தின் கோஷென் கல்லூரியில் படித்து, இருபதுகளின் நடுவில் ஐரோப்பாவுக்கு வந்தவர். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. கட்டாய ராணுவ சேவையை மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் இளைஞன் அந்தச் சேவைக்கான இரண்டு ஆண்டுகளில் என்ன செய்வது என்ற கேள்வி எல்லா மென்னோனைட் வீட்டிலும் இருந்தது. நாட்டுக்குள்ளேயே மருத்துவமனை வேலைக்குப் போகலாம். அது போதாது, போர் எங்கே நாசம் செய்ததோ அங்கேயே போக வேண்டும் என்றார்கள் இவர்கள். சம்பளம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவுக்கு மாதம் 75 டாலர் அவரோ, குடும்பமோ, சபையோ கட்ட வேண்டும். வேலை செய்வதற்குத் தாங்களே பணம் கட்டிக்கொண்டு போனவர்கள்! பெரும்பாலும் பண்ணைகளில் வளர்ந்த பையன்கள். கட்டட வேலையைப் பலர் அங்கே போய்த்தான் கற்றார்கள்.

அவர்கள் உழைப்பு என்னவாக மாறியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அகதிகளுக்கு வீடு கட்ட அரசுக் கடன் உண்டு. ஆனால் கடன் வாங்குபவர் தன் பங்காக ஒரு தொகை வைக்க வேண்டும். குதிரை வண்டியில் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது என்றிருந்த குடும்பம் எதை வைக்கும்? பாக்ஸ் பையன்களின் உழைப்பு அந்தப் பங்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அஸ்திவாரக் குழி வெட்டியது, கலவை குழைத்தது, கல் அடுக்கியது எல்லாம் ஓர் அகதிக் குடும்பத்தின் பெயரில் முதலாக வரவு வைக்கப்பட்டது. தானமாக ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் பெற்றுக்கொண்டவர்களாகவே நின்றிருக்கும். இங்கே அவர்கள் கடனைக் கட்டும் வீட்டுக்காரர்கள் ஆனார்கள். துயரப்பட்ட இடங்களுக்கு மாணவர்களை அனுப்பும் சபைகளும் கல்லூரிகளும் இன்றும் இருக்கின்றன. பிள்ளை திரும்பி வந்த பிறகு அங்கிருப்பவர் கையில் என்ன மிஞ்சும் என்பதை அனுப்புவதற்கு முன்பே அவர்கள் கேட்க வேண்டும்.

அந்த வீடுகளுக்கு வந்தவர்களில் பலர் மென்னோனைட்டுகளே. பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் துன்புறுத்தலுக்குத் தப்பி டான்சிக் அருகே விஸ்துலா ஆற்றின் கழிமுகத்துக்கு வந்து, சதுப்பை வடித்து வயலாக்கியவர்களின் வம்சம். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். கடல் வழியாகத் தப்பிய பலர் டென்மார்க் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். ஆனால் ஆயுதம் எடுப்பதில்லை என்ற பழைய நெறியை ஜெர்மன் மென்னோனைட்டுகள் அதற்கு வெகு முன்பே கைவிட்டிருந்தார்கள். அவர்களுடைய ஆண்கள் ஹிட்லரின் படையில் போரிட்டார்கள். போரை மறுத்து வந்த பையன் கல் அடுக்கியது, அதே விசுவாசத்தில் பிறந்தும் போருக்குப் போனவரின் வீட்டுக்கு. அவர் போரிட்டாரா என்று கேட்டுவிட்டு யாரும் கடப்பாரையை எடுக்கவில்லை. இந்தத் தொடரில் இதுவரை எழுதிய மறுப்பாளர்களில் எவருக்கும் இதைவிடக் கடினமான சோதனை வரவில்லை என்றே நினைக்கிறேன். மறுப்பவர் தன் கைகளைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதாது என்பதை அவர்கள் வேலை செய்தே காட்டினார்கள்.

எஸ்பெல்காம்ப் தொடக்கம்தான். பாக்னாங், என்கென்பாக் என்று மற்ற ஜெர்மன் ஊர்களிலும் வீடுகள் எழுந்தன. 1976 வரையிலான கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 1,200 பேர் சுமார் 40 நாடுகளுக்குப் போனார்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், மாலை வேதபாடத்தில் எதைப் பற்றி விவாதித்தார்கள், ஊருக்குக் கடிதத்தில் என்ன எழுதினார்கள் என்பதற்கு அடுத்த வாரம்தான் இடம். அதையும் ஜெர்மனியை விட்டு கிரேக்கத்தின் பனாயிட்சா கிராமத்தில் வைத்துச் சொல்கிறேன். உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டுப் போய்த் திரும்பிய மலைவாசிகள் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பிற சபையினர் அவர்களை மதம் மாற்ற முயல்வது கிரேக்கச் சட்டப்படி குற்றம். தன் விசுவாசத்துக்காகவே கடல் கடந்து வந்த இளைஞன் அதைப் பற்றிப் பிரசங்கிக்க முடியாத ஊரில் மாடும் வயலுமாக எப்படி வாழ்ந்தான் என்று பார்ப்போம்.

(தொடரும்)