வில்லா கேதரின் நெப்ராஸ்கா நாவல்களில் குடியேறிகளின் மொழி

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்களுள் வில்லா கேதர் (1873–1947) தனித்து எண்ணத்தக்கவர். பன்னிரண்டு நாவல்களையும் பல சிறுகதைகளையும் கட்டுரைகளையும் படைத்த அவர், ‘ஒன் ஆப் அவர்ஸ்’ என்னும் நாவலுக்காக 1923-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றார். அமெரிக்காவின் நடுமேற்குப் புல்வெளியை இலக்கியக் களமாக நிலைபெறச் செய்தவர் என்றே இலக்கிய வரலாறுகள் அவரைப் பெரிதும் அறிமுகப்படுத்துகின்றன. அது பொருத்தமான மதிப்பீடே. எனினும், அப்புல்வெளி நாவல்களில் நிலத்தை அடுத்து இடையறாது பேசப்படும் மற்றொரு பொருள் உண்டு. குடியேறியோர் தம்முடன் கொண்டுவந்த தாய்மொழிக்கு இரண்டாம் தலைமுறையில் என்ன நேர்ந்தது என்பதே அது. ‘ஓ பயனியர்ஸ்!’ (1913), ‘மை அந்தோனியா’ (1918) ஆகிய இரு நாவல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு அப்பொருளை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆசிரியரின் வாழ்வும் நாவல்களின் களமும்

கேதர் குடியேறிக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். வர்ஜீனியா மாநிலத்தில் ஆங்கிலம் பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1883-ஆம் ஆண்டு, அவர்தம் ஒன்பதாம் வயதில், குடும்பம் நெப்ராஸ்காவின் வெப்ஸ்டர் மாவட்டத்திற்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டில் ரெட் கிளவுட் என்னும் இரயில் நகரில் குடியமர்ந்தது. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. இரயில் நிறுவனங்களும் தம் வசமிருந்த நிலங்களை விற்பதற்காக ஐரோப்பிய நாடுகளில் விளம்பரம் செய்தன. சுவீடன், நார்வே, டென்மார்க், ஜெர்மனி, பொஹீமியா முதலிய நாடுகளின் உழவர்கள் அங்கு வந்து சேர்ந்ததற்கு இவையே காரணங்களாயின.

சிறுமியாக இருந்த கேதர், அண்டைப் பண்ணைகளின் முதிய குடியேறிப் பெண்களிடம் நெருங்கிப் பழகினார். அவர்கள் அறிந்த ஆங்கிலம் மிகக் குறைவு. ஆயினும், அவர்கள் சொல்லாமல் விட்டதையும் தம்மால் உணர முடிந்தது என்னும் கருத்தைப் பிற்காலத்தில் அவர் வெளியிட்டுள்ளார். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் 1895-ஆம் ஆண்டு பட்டம் பெற்றபின், பிட்ஸ்பர்க் நகரில் இதழாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1906-ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கில் ‘மக்ளூர்ஸ்’ இதழில் பணிபுரிந்தார். நாவலாசிரியர் சாரா ஓர்ன் ஜூவெட் இதழ்ப்பணியை விட்டுத் தமக்குரிய பொருளை எழுதுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். ‘ஓ பயனியர்ஸ்!’ ஜூவெட்டின் நினைவுக்கே படைக்கப்பட்டது.

‘ஓ பயனியர்ஸ்!’: உணவு மேசையும் மொழியும்

சுவீடனிலிருந்து குடியேறிய ஜான் பெர்க்சன் இறக்கும் தறுவாயில் பண்ணைப் பொறுப்பைத் தம் மகள் அலெக்சாண்ட்ராவிடம் ஒப்படைக்கிறார். வறட்சிக் காலத்தில் அண்டையினர் நிலத்தை விற்றுவிட்டு நீங்க, அவள் மேலும் நிலம் வாங்குகிறாள். பதினாறு ஆண்டுகள் கழிந்தபின் குடும்பம் செல்வநிலையை எய்துகிறது. அச்செல்வநிலையில் மொழியின் நிலை யாது என்பதை ஒரு விருந்துக் காட்சியின்வழிக் கேதர் காட்டுகிறார்.

அலெக்சாண்ட்ராவின் இல்லத்தில் உடன்பிறந்தார் ஆஸ்காரும் லூவும் குடும்பத்தோடு உணவருந்துகின்றனர். உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ்கிறது. ஆஸ்காரின் மனைவி மிசூரி மாநிலத்தவள். அயல்நாட்டானை மணந்துகொண்டதற்கு நாணுபவள். அவர்தம் பிள்ளைகளுக்குச் சுவீடிய மொழியில் ஒரு சொல்லும் விளங்காது. லூவும் அவன் மனைவி ஆனியும் வீட்டில் சில வேளைகளில் சுவீடிய மொழியைப் பேசுவதுண்டு. ஆனால், பிறர் கேட்டுவிடுவரோ என்னும் அச்சம் ஆனிக்கு உண்டு. வெறுங்காலோடு நடப்பதைப் பிறர் கண்டுவிடுவரோ என்று அவள் தாய் அஞ்சியதோடு இவ்வச்சத்தை ஆசிரியர் ஒப்பிடுகிறார்.

இவ்வொப்பீடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வெறுங்கால் வறுமையின் அடையாளம். தாய்மொழியும் அதே வரிசையில் வைக்கப்படுகிறது. நெப்ராஸ்காவில் சுவீடிய மொழியை யாரும் சட்டத்தால் தடுக்காத காலம் அது. வளம் பெருகிய பின்னரே, அண்டை அயலாரின் பார்வைக்கு அஞ்சி, குடும்பமே தன் மொழியை மறைக்கத் தொடங்குகிறது. மொழி இழப்பின் தொடக்கம் பள்ளியில் அன்று, உணவு மேசையில்தான் என்பதை இச்சிறு காட்சி புலப்படுத்துகிறது. குடும்பச் சொத்து ஆண்களுக்கே உரியது என்று பின்னர் வாதிட்டு, அலெக்சாண்ட்ராவின் உழைப்பை மறுப்பவர்களும் இவ்விரு உடன்பிறந்தாரே. தம் பழைய வாழ்வை மறைக்க விழைவோர், அதனைத் தாங்கி நின்றவளையும் மதிக்கத் தவறுகின்றனர் என்னும் தொடர்பை வாசகரே உணருமாறு நாவல் அமைந்துள்ளது.

‘மை அந்தோனியா’: கற்ற மொழியும் மறந்த மொழியும்

இந்நாவலின் கதைசொல்லி ஜிம் பர்டன். பெற்றோரை இழந்து, பத்து வயதில் வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவிலுள்ள பாட்டனார் இல்லத்திற்கு வருகிறான். அதே இரயிலில் பொஹீமியாவிலிருந்து ஷிமெர்டா குடும்பம் வருகிறது. அக்குடும்பத்தின் மூத்த மகள் அந்தோனியா. கேதரின் இளமைக்காலத் தோழியாகிய ஆனி பவெல்கா என்னும் செக் இனப் பெண்மணியை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்ட பாத்திரம் இது.

ஜிம்மும் அந்தோனியாவும் கொள்ளும் நட்பு, சொற்களைக் கேட்டறிவதில் தொடங்குகிறது. வானத்தையும் கண்ணையும் சுட்டிக்காட்டி அவற்றின் பெயர்களைக் கேட்கிறாள். ஒரே நாளில் ஏறத்தாழ இருபது சொற்களைக் கற்கிறாள். நன்றியாகத் தன் வெள்ளி மோதிரத்தையே கழற்றித் தர முற்படுகிறாள். அவள் தந்தையோ, ஆங்கில நெடுங்கணக்கும் பொஹீமிய நெடுங்கணக்கும் கொண்ட நூலொன்றை ஜிம்மின் பாட்டியார் கையில் வைத்து, மகளுக்குக் கற்பிக்குமாறு மன்றாடுகிறார். ஒரு நூலில் இரு நெடுங்கணக்குகள் அருகருகே நிற்பது கருதத்தக்கது. ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றைத் துறக்க வேண்டுமென அத்தந்தை எண்ணவில்லை.

ஆனால், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. தாயகத்தில் வயலின் வாசித்த அவர், அமெரிக்கா வந்தபின் அதனைத் தொடுவதில்லை. முதல் குளிர்காலத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். வேனில் பிறந்ததும் ஜிம் பள்ளிக்கு அழைக்க, ஆடவரைப் போல் ஏர் உழும் தனக்குக் கற்பதற்கு நேரமில்லை என்று அந்தோனியா மறுக்கிறாள். மறுத்தபின் அழுகிறாள். பள்ளியில் கற்பவற்றைத் தனக்குச் சொல்லும்படி வேண்டுகிறாள். தன் தந்தை மிகக் கற்றவர் என்றும் நினைவூட்டுகிறாள்.

பிளாக் ஹாக் நகரில் குடியேறிப் பெண்கள் வீட்டுப்பணி செய்யும் பகுதியில் இச்சிக்கல் சமூகத் தளத்திற்கு விரிகிறது. நகர மக்கள் அயல்நாட்டார் அனைவரையும் ஆங்கிலம் பேசத் தெரியாத அறிவிலிகள் என ஒருசேரக் கருதுகின்றனர். அந்தோனியாவின் தந்தைக்கு நிகரான கல்வியோ பண்பாடோ உடைய ஒருவர்கூட அந்நகரில் இல்லை என்பதை ஜிம் சுட்டிக்காட்டுகிறான். ஒரு மொழியை அறியாமை அறிவின்மையாகவே கொள்ளப்படும் பிழையை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது. அப்பெண்களின் ஊதியம் பெற்றோரின் கடனைத் தீர்த்ததால், மாவட்டத்தில் முதலில் செழித்தவர்கள் அயல்நாட்டு உழவர்களே என்பதும் நாவலில் பதிவாகியுள்ளது.

இருபதாண்டுகள் கழித்து ஜிம் திரும்பி வரும்போது, அந்தோனியா செக் இனத்தவரான குசாக்கை மணந்து, பல பிள்ளைகளுக்குத் தாயாகிப் பண்ணையொன்றை நடத்தி வருகிறாள். வீட்டில் அனைவரும் பொஹீமிய மொழியே பேசுகின்றனர். இளைய பிள்ளைகள் பள்ளி செல்லும்வரை ஆங்கிலம் அறியார். முன்பு நன்றாகப் பேசிய ஆங்கிலம் தனக்கு மறந்துவிட்டதென அந்தோனியா கூறுகிறாள். பாட்டனாரின் வயலினை அவள் காத்து வைத்திருக்க, மகன் லியோ அதனை வாசிக்கிறான். தந்தையின் கையில் அடங்கிய இசை பேரனின் கையில் மீள்கிறது.

பெர்க்சன் இல்லத்து விருந்தோடு இக்காட்சியை ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அங்கு வளமும் நாணமும். இங்கு எளிமையும் நிறைவும். அந்தோனியா ஆங்கிலத்தை வெறுத்தவள் அல்லள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவறியவளும் அல்லள். வீட்டின் மொழி எது, பள்ளியின் மொழி எது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

சட்டமும் நாவலாசிரியரும்

‘மை அந்தோனியா’ வெளிவந்த 1918-ஆம் ஆண்டு முதல் உலகப்போரின் இறுதியாண்டு. ஜெர்மன் மொழியின்மீது எழுந்த பகையுணர்வு பிற அயல்மொழிகள் மீதும் பரவியது. 1919-ஆம் ஆண்டு நெப்ராஸ்கா சட்டமன்றம் சைமன் சட்டத்தை இயற்றியது. பள்ளிகளில் ஆங்கிலமல்லாத மொழியில் கற்பிப்பதையும், எட்டாம் வகுப்பை முடிக்காத மாணவர்க்கு அயல்மொழியைக் கற்பிப்பதையும் அது தடைசெய்தது. சமயப் பள்ளியொன்றில் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிப்புக் கற்பித்த ஆசிரியர் இராபர்ட் மேயர் என்பார்க்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு மேல்முறையீட்டில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1923-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அத்தடை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘த நேஷன்’ இதழில் நெப்ராஸ்கா பற்றிக் கேதர் ஒரு கட்டுரை எழுதினார். தம் இளமைக்காலத்தில் ஞாயிறுதோறும் நார்வீஜியம், டேனியம், சுவீடியம், பிரெஞ்சு, செக் ஆகிய மொழிகளில் அருளுரை கேட்கக்கூடிய தேவாலயங்கள் அருகருகே இருந்ததை அதில் நினைவுகூர்ந்தார். இரு மொழிகள் அறிந்த சிறுவனைவிட ஒரே மொழி அறிந்தவனே சிறந்த அமெரிக்கனாவான் என்று சட்டமியற்றுவோர் கொண்டிருந்த நம்பிக்கையை எள்ளலோடு மறுத்தார். அவருடைய புனைவில் மறைந்து நின்ற நிலைப்பாட்டினை இக்கட்டுரை வெளிப்படையாகக் காட்டுகிறது. அந்தோனியாவின் அடுக்களையில் ஒலித்த செக் மொழியைப் பழமைப் பற்றின் சின்னமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பதும் இதனால் உறுதிப்படுகிறது.

சொல்லாது விடும் உத்தியும் அதன் வரம்பும்

1922-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், தளவாடங்கள் நிறைந்த அறையைப் போல விவரங்களால் நாவலை நிரப்புதல் தகாது எனக் கேதர் வாதிட்டார். பெயரிட்டுச் சொல்லாமலே உணரச் செய்வதுதான் படைப்பு என்பது அவர்தம் கொள்கை. வெறுங்கால் ஒப்பீடும், இரு நெடுங்கணக்கு நூலும், மீண்டும் ஒலிக்கும் வயலினும் இக்கொள்கைக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

எனினும், சொல்லாது விடப்பட்டவை அனைத்தும் கலைநோக்கில் விடப்பட்டவையே என்று கொள்ளுதல் இயலாது. அந்தோனியாவின் கதையைச் சொல்பவன், ஹார்வர்டில் சட்டம் பயின்று இரயில் நிறுவனத்தின் வழக்குரைஞனான ஜிம். கையெழுத்துப் படியின் தலைப்பில் ‘என்’ என்னும் சொல்லை அவனே சேர்க்கிறான். அவள் மறந்துவிட்ட மொழியிலேயே அவள் வரலாறு எழுதப்படுகிறது. அவள் தன் மொழியில் எண்ணியது நமக்கு நேரே கிட்டுவதில்லை. இதனை ஆசிரியர் உணர்ந்தே செய்தார் என்பதற்கு நாவலின் முன்னுரைப் பகுதியே சான்று.

மற்றொரு விடுபாடு இவ்வாறு அமைதி கூறத்தக்கதன்று. பாட்டனாரின் பண்ணைக்கருகே புல்லில் பெரியதொரு வட்டத் தடம் தென்படுகிறது. முன்பு அங்கு வாழ்ந்த செவ்விந்தியர்கள் குதிரையோட்டிய இடம் அது. பனி பெய்தபின் அது மேலும் தெளிவாகத் தோன்றும். அம்மக்களைப் பற்றி நாவல் சொல்வது பெரிதும் அவ்வளவே. அப்பகுதியில் வாழ்ந்த பௌனீ மக்கள், கேதரின் குடும்பம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்குள்தான், 1870-களின் இடைப்பகுதியில், இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். குடியேறிகளின் மொழிகளுக்காகப் பரிந்து பேசிய எழுத்தாளர், அந்நிலத்தில் அவர்களுக்கு முன் ஒலித்த மொழியைப் பற்றி மௌனம் காக்கிறார். கறுப்பின மக்களைச் சித்திரிப்பதில் கேதர் காட்டும் குறைபாடுகளை, அவரின் இறுதி நாவலை முன்வைத்து டோனி மாரிசன் 1992-ஆம் ஆண்டு வெளிவந்த தம் திறனாய்வு நூலில் ஆராய்ந்துள்ளார். கேதரைப் பயில்வோர் அவருடைய பரிவையும் அப்பரிவின் எல்லையையும் சேர்த்தே காண வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, குடியேறிச் சமூகத்தில் தாய்மொழியின் நலிவு வறுமையால் மட்டும் நிகழ்வதில்லை. வளம் வந்தபின் தோன்றும் நாணமும் அதற்குக் காரணமாகும். இரண்டாவதாக, புதிய நாட்டின் மொழியைக் கற்பதும் பழைய மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் கேதர் புனைவிலும் கட்டுரையிலும் நிறுவுகிறார். மூன்றாவதாக, ஒரு மக்களின் கதை எந்த மொழியில், யாரால் சொல்லப்படுகிறது என்னும் வினாவை அவர்தம் நாவல்கள் எழுப்புகின்றன. அவ்வினாவை அவரை நோக்கியும் எழுப்ப இடந்தருகின்றன. ஷிமெர்டா ஒரு பாட்டியின் கையில் வைத்த நூலில் இரு நெடுங்கணக்குகளும் இருந்தன. மகளுக்குக் கிட்டாத அவ்விரண்டும் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டின என்பதும், அதற்கு அவர்தம் வீடும் பள்ளியும் ஒருசேரத் தேவைப்பட்டன என்பதும் ‘மை அந்தோனியா’ நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.