ஒரு பக்கத்துக்கு 36 முகவரி: கூகுள் தண்டிக்குமா, குழம்புமா?

கடையில் இருப்பது 200 போர்வைகள்தான். ஆனால் கூகுளின் 'சர்ச் கன்சோல்' அறிக்கையைத் திறந்தால் சில ஆயிரம் பக்கங்கள். அதில் பாதிக்கு மேல் 'டூப்ளிகேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு போன்: "சார், உங்க சைட்டுக்கு டூப்ளிகேட் கன்டென்ட் பெனால்ட்டி விழுந்திருக்கு. நாங்க சரி பண்ணித் தர்றோம்."

ஆன்லைனில் சிறு கடை நடத்தும் யாருக்கும் இந்த போன் வரலாம். பணம் கட்டும் முன் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நகல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் யாரும் காப்பி அடிப்பதால் அல்ல. இணையதளமே அதை உருவாக்குகிறது. போர்வைகளின் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரியின் முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' போட்டாலும் திறக்கும், போடாவிட்டாலும் திறக்கும். 'எச்டிடிபி', 'எச்டிடிபிஎஸ்' இரண்டிலும் திறக்கும். ஆக, நான்கு முகவரி. வழக்கமான வரிசை, விலை வரிசை, புதுவரவு வரிசை என மூன்று விதம் இருந்தால் 12. வாட்ஸ்அப் விளம்பரம் வழியாக வந்தால் முகவரியின் கடைசியில் ஒரு வால், பேஸ்புக் வழியாக வந்தால் இன்னொரு வால், நேரடியாக வந்தால் வால் இல்லை. மொத்தம் 36!

பார்க்கிற வாடிக்கையாளருக்கு எல்லாமே ஒரே பக்கம். தேடுபொறிக்கோ ஒவ்வொரு முகவரியும் தனித்தனிப் பக்கம்.

இதற்குத் தண்டனை உண்டா?

கிடையாது. ஒரே தளத்துக்குள் இப்படி நகல் இருப்பதற்காக மட்டும் தண்டிப்பதில்லை என்று கூகுளே 2008-ல் விளக்கிவிட்டது. அடுத்தவர் எழுதியதை அள்ளிப்போட்டு ஏமாற்றப் பார்த்தால் கதை வேறு. மற்றபடி, ஒரே மாதிரியான பக்கங்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் ஒன்றை மூலமாகத் தேர்ந்தெடுத்துத் தேடலில் காட்டுகிறது.

சிக்கல் இங்கேதான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கூகுள் தேர்ந்தெடுப்பது வால் ஒட்டிய ஏதோ ஒரு முகவரியாகக்கூட இருக்கலாம்.

'க்ரால் பட்ஜெட் வீணாகிறது' என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். தேடுபொறியின் ரோபோ ஒரு தளத்தைப் படிக்க ஒதுக்கும் நேரமும் திறனும்தான் அது. சுமார் 10 லட்சம் பக்கங்களுக்கு மேல் உள்ள தளங்களோ, தினமும் மாறும் பக்கங்கள் 10,000-க்கு மேல் உள்ள தளங்களோ கவலைப்பட வேண்டிய விஷயம் என்கிறது கூகுளின் வழிகாட்டி. 200 போர்வைக் கடைக்கு இது தலைவலியே இல்லை.

பலர் செய்யும் தவறு

நகல்களைக் கண்டதும் 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை போட்டுவிடுவது. 1994-ல் மார்டைன் கோஸ்டர் முன்மொழிந்த இந்தக் கோப்பு, ரோபோவிடம் 'இந்தப் பக்கத்தைப் படிக்காதே' என்று மட்டுமே சொல்லும். 'தேடலில் காட்டாதே' என்று சொல்லாது. வேறு தளங்கள் லிங்க் கொடுத்திருந்தால், பக்கத்தைப் படிக்காமலேயே அதன் முகவரியை கூகுள் காட்டக்கூடும்.

தேடலில் காட்டாதே என்று சொல்வது 'நோஇண்டெக்ஸ்' குறிச்சொல். அது பக்கத்துக்குள் இருக்கிறது. தடையையும் போட்டு அதையும் வைத்தால், கடையைப் பூட்டிவிட்டு 'இன்று விடுமுறை' பலகையை உள்ளே மாட்டிய மாதிரிதான். யார் படிப்பது?

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. புதுத் தளம் தயாராகும்போது 'எதையும் படிக்காதே' என்று போட்ட ஒற்றை வரியை, தளம் வெளியான பிறகு நீக்க மறந்துவிடுவது. கடை திறந்திருக்கும், தேடலில் மட்டும் மெல்ல மெல்லக் காணாமல் போகும்.

என்ன செய்யலாம்?

* முகவரிக்கு ஒரே வடிவத்தை முடிவு செய்து, மற்றவற்றை '301' எனும் நிரந்தரத் திருப்பிவிடல் மூலம் அங்கே அனுப்புங்கள்.

* வரிசை மாற்றியது, வால் ஒட்டியது போன்ற பக்கங்களில் 'கேனானிகல்' குறிச்சொல் வைத்து மூலப் பக்கத்தைக் காட்டுங்கள். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009 பிப்ரவரியில் சேர்ந்து அறிவித்த வழி இது. ஆனால் இது பரிந்துரைதான், உத்தரவு அல்ல.

* அதனால் மெனுவிலும் சைட்மேப்பிலும் அதே சுத்தமான முகவரியையே கொடுங்கள். குறிச்சொல் ஒன்று சொல்லி, மெனு வேறொன்று சொன்னால் குழப்பம்தான்.

* சர்ச் கன்சோலின் 'யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்' பகுதியில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன மூலம் எது, கூகுள் எடுத்துக்கொண்ட மூலம் எது என்று இரண்டையும் காட்டும். இலவசம்தான்.

அறிக்கையில் 'ஆல்டர்னேட் பேஜ் வித் ப்ராப்பர் கேனானிகல் டேக்' என்று வந்தால் பதற வேண்டாம். நீங்கள் சொன்னதை கூகுள் புரிந்துகொண்டது என்று அர்த்தம்.

அந்த போன் மறுபடி வந்தால்? கூகுள் ஊழியர்கள் ஆய்வு செய்து ஒரு தளத்தின் மீது நடவடிக்கை எடுத்தால், அது சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் பதிவாகும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பெனால்ட்டினு சொல்றீங்களே, அந்தப் பக்கத்துல எங்க இருக்கு, காட்டுங்க?"