அரிச்சுவடி

அரிச்சுவடி என்பது தமிழ் நெடுங்கணக்கைக் கற்பிக்கும் தொடக்க நூல் ஆகும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் இதில் இடம்பெறும். எத்துறைக்கும் உரிய அடிப்படை அறிவைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது.

வழக்கு

ஆங்கிலத்தில் ஒரு துறையின் அடிப்படையை அதன் 'ஏபிசி' என்பர். தமிழில் 'ஆனா ஆவன்னா', 'அரிச்சுவடி' ஆகியவை இப்பொருள் தருகின்றன. முன்னது முதலெழுத்துகளின் பெயர். பின்னது ஏட்டின் பெயர். 'அரிச்சுவடிகூட அறியாதவர்', 'அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்' என்பன வழக்கிலுள்ள தொடர்கள்.

சொற்பிறப்பு

திண்ணைப் பள்ளிகளில் 'அரி நமோத்து சிந்தம்' என்னும் வணக்கத்தைச் சொல்லியே எழுத்தறிவித்தல் தொடங்கியது. இதன் முதற்சொல்லே சுவடிக்குப் பெயராயிற்று என்பர். 'நமோத்து சிந்தம்' என்பது சித்தரை வணங்கும் சமண வணக்கம் என்றும், 'அரி' பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்றும் மயிலை சீனி. வேங்கடசாமி கருதினார். தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி அருகே மேல்சித்தாமூரில் உள்ளது.

கற்பிக்கும் முறை

மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலைக்குச் சென்றனர். அடுத்து எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றைக் கற்றனர். ஆசிரியருக்குத் துணையாக மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் கண்ட மணலெழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் இது 'சென்னை முறை' எனப் பரவியது.

அண்மைக்கால முயற்சிகள்

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டதால், பல குழந்தைகள் கற்ற எழுத்தையும் மறந்தனர்; தொடக்க வகுப்பினர் சிலர் பள்ளியையே காணாமல் மேல்வகுப்பை அடைந்தனர். இவ்விடைவெளியைக் குறைக்க, தன்னார்வலர்கள் குடியிருப்புகளிலேயே மாலையில் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. 2022 சூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இதில் குழந்தைகள் வகுப்பைக் கொண்டன்றி, கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். எனவே எழுத்தறியாத மூன்றாம் வகுப்புக் குழந்தையும் அரும்பு நிலையில், அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வழி ஏற்பட்டது.