நெஞ்சுக்கு மருந்து, வயிற்றுக்கு வருத்தம்

ஓர் உறுப்பின் பிணி தீர உண்ணும் மருந்து அவ்வுறுப்போடு நின்றுவிடுவதில்லை. விழுங்கிய குளிசை இரைப்பையிற் கரைந்து, குடலால் உறிஞ்சப்பட்டு, குருதியோடு கலந்து உடலெங்கும் பரவுகின்றது. ஆதலின், சுவாசப்பைக்கென உண்ட மருந்து வயிற்றில் வருத்தம் விளைத்தல் வியப்பன்று. எனினும், தொய்வு நோயாலும், புகைப்பழக்கத்தாலோ நெடுங்கால விறகடுப்புப் புகையாலோ வரும் நாட்பட்ட சுவாசத்தடை நோயாலும் வருந்துவோர் பலர், வயிற்றில் நேரும் துன்பத்தை வேறொரு நோயென எண்ணி வாளாவிருந்து விடுகின்றனர். இன்னுஞ் சிலர் மருந்தையே எறிந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் கேடு பயப்பன. இக்கட்டுரையாளன் வைத்தியனல்லன், தமிழாசிரியன். ஆயினும், நம் பழைய மாணவருட் பலர் முதுமை எய்திவிட்ட இக்காலத்தில், பொதுவாக அறியத்தக்க சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பது பயனுடைத்து.

முதலில் தியோபிலின் என்னும் மருந்தை நோக்குவோம். இதன் பெயர் தமிழறிந்தார்க்கு இன்பந் தருவது. ‘தேயா’ என்பது தேயிலைச் செடியின் இலத்தீன் பெயர். ‘பிலொன்’ என்பது இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாம் ‘தே’ என்பதனோடு ‘இலை’யைச் சேர்த்துத் தேயிலை என்றவாறே, மேனாட்டாரும் இப்பெயரை ஆக்கினர். 1888ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் அல்பிரெக்ற் கொசெல் தேயிலைச் சாரத்திலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். பிறிதோர் ஆராய்ச்சிக்காக 1910இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. தேயிலையில் இஃது மிகச் சிறிதளவே உண்டு. ஆதலின், தேநீர் அருந்துதல் மருந்துக்கு ஈடாகாது.

தியோபிலின் சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த தசைகளைத் தளர்த்தி மூச்சுக்கு வழிவிடுகின்றது. ஆனால், உணவுக் குழாயும் இரைப்பையும் கூடுமிடத்திலுள்ள தசைவளையத்தையும் அது தளர்த்துகின்றது. இரைப்பையில் அமிலம் சுரத்தலையும் மிகுவிக்கின்றது. அமிலம் மேலெழுவதால் நெஞ்செரிவும் குமட்டலும் உண்டாகின்றன. இவை தொல்லைகளே. இவற்றினும் பெரிதாய் அஞ்சத்தக்கது வேறொன்றுண்டு. இம்மருந்தின் நலஞ்செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. குருதிநீரின் ஒரு மில்லிலீற்றரில் 10 முதல் 20 மைக்குரோகிராம் வரை இருப்பதே நெடுங்காலமாகக் கொள்ளப்பட்ட அளவு. 20ஐக் கடந்தால் விடாத சத்தியும் நெஞ்சுப் படபடப்பும் தோன்றலாம். மேலும் ஏறின் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். சிலருக்குச் சத்தி என்னும் முன்னறிவித்தலே இன்றி வலிப்பு வருவதுமுண்டு.

உண்ணும் அளவு மாறாதிருக்கவும் குருதியில் மருந்து மிகுவது எங்ஙனம்? இதனைச் சிதைத்து நீக்குவது ஈரல். எரித்திரோமைசின், சிப்புரோபுளொக்சசின் முதலிய கிருமிகொல்லி மருந்துகள் ஈரலின் அப்பணியைத் தடுக்கின்றன. கடுங்காய்ச்சலும் ஈரல் நோயும் இதய நோயும் முதுமையும் அவ்வாறே செய்வன. புகைப்பவரின் ஈரல் இம்மருந்தை விரைந்து சிதைக்கும். ஆகவே, ஒருவர் புகைத்தலைக் கைவிட்டால், நேற்றுவரை அளவாயிருந்த மருந்து சின்னாளில் மிகையாகிவிடும். இதற்கஞ்சிப் புகைத்தலைத் தொடருதல் அறியாமை. புகையை விட்ட செய்தியை வைத்தியருக்கு உடனே உரைத்து, மருந்தைக் குறைப்பித்தலே அறிவுடைமை. மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட குளிசைகளை மென்றோ பொடித்தோ உண்ணலாகாது. நாள் முழுதுக்குமான மருந்து ஒருங்கே உட்சென்றுவிடும்.

அடுத்து, மூச்சுத்திணறல் மிகுங்கால் கொடுக்கப்பெறும் பிரட்னிசொலோன். இதனைத் தனியே சின்னாள் உண்பதால் இரைப்பைப் புண் வருதல் அரிது. மூட்டுவலிக்கென இபுபுரோபன், டைக்குளோபெனக் முதலிய குளிசைகளைக் கடையில் வாங்கி இதனோடு சேர்த்துண்ணும் போதே புண்ணும் குருதிப்பெருக்கும் நேரும் அபாயம் பன்மடங்காகின்றது. மேலும், இம்மருந்து அழற்சியை அடக்குவதாகலின், இரைப்பையோ குடலோ துளைபட்டாலும் நோவு வெளித்தோன்றாது மறைந்திருக்கக் கூடும். தார்போற் கருத்த மலமும், காப்பித்தூள் போன்ற சத்தியும் உள்ளே குருதி பெருகுவதைக் காட்டுவன. அவற்றைக் கண்டால் விடியும்வரை பொறுத்திருத்தல் கூடாது. அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பல வாரங்கள் பிரட்னிசொலோன் உண்டவர் அதனைத் தாமாகத் திடீரென நிறுத்துதலும் ஆபத்தே. உடல் தனக்கு வேண்டிய சுரப்பைத் தானே ஆக்கும் ஆற்றலை அதற்குள் இழந்திருக்கும்.

2010இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற றொபுளுமிலாஸ்ற் என்பது வயிற்றோட்டத்தையும் உடல் மெலிவையும் உண்டாக்கக் கூடியது. அதனை உண்பார் தம் நிறையை இடையிடையே அறிந்துகொள்ளல் வேண்டும்.

வாயால் உள்ளிழுக்கும் இன்ஹேலரைப் பற்றி, ‘அது கடுமையான மருந்து, இறுதியிலேதான் கொள்ள வேண்டும்’ என்றோர் எண்ணம் பலரிடமுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. சல்பியூற்றமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் இருப்பின், இன்ஹேலரை இருமுறை இழுக்கையில் வெளிப்படுவது 200 மைக்குரோகிராம்; அஃதாவது இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நோயிடத்தை அடைவதால் சிறிதே போதும். ஏனைய உறுப்புகளுக்குத் துன்பமும் குறைவு. பிரட்னிசொலோன் இனத்து மருந்தை உள்ளிழுப்போர் பின்னர் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்தால், வாயில் வெண்படலம் படியாது காக்கலாம். இன்று உலக வழிகாட்டல்கள் நாட்பட்ட சுவாசத்தடை நோய்க்கு இன்ஹேலரையே முதன்மையாகக் கொண்டு, அத்தகைய மருந்துகள் கிடையாதவிடத்தும் வாங்க இயலாதவிடத்துமே தியோபிலினுக்கு இடங்கொடுக்கின்றன.

ஆகவே, மருந்துண்ணும் காலத்து வயிறு சொல்வதைக் கேட்டல் வேண்டும். கேட்டதை வைத்தியரிடம் உரைத்தலும் வேண்டும். உண்ணும் மருந்துகள் யாவற்றின் பெயரும் அளவும் எழுதிய தாளொன்றைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் எளிய காப்பு. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காவதாக வைத்து எண்ணினார். அந்த நான்காமவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மனைவியோ மகனோ மகளோ ஆவர். முதியவர் ‘ஒன்றுமில்லை’ என்று மறைக்கும் சத்தியையும் கருமலத்தையும் முதலில் அறியக் கூடியவர் அவரே. இக்கட்டுரை நோயாளரினும் அவர் கைக்குச் சேர்வதே பெரும்பயன்.