தரவுப் பதிவுப் படிவம்: பிழையைத் தடுக்கும் முதற்காவல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தின் ஹோப்ளிகளுள் ஒன்றுக்கு இதுவே தலைமையிடம். இங்கு நிலத்தின் பரப்பு ஏக்கர், குண்டா என்னும் அளவுகளில் பதியப்படுகிறது. எல்லையைக் கடந்து ஓசூர் வட்டத்துள் நுழைந்தால், ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகள் வழக்கில் உள்ளன. 40 குண்டா ஓர் ஏக்கர். 100 ஏர் ஒரு ஹெக்டேர்.

அத்திபெலேயில் ஒரு விவசாயிக்கு 2 ஏக்கர் 15 குண்டா நிலம் இருப்பதாகக் கொள்வோம். கணிப்பொறியில் பதிவு செய்பவர் இதனை ‘2.15’ என ஒரே கட்டத்தில் இட்டுவிடுகிறார். கணிப்பொறி அதனைத் தசம எண்ணாகவே கொள்ளும். 0.15 ஏக்கர் என்பது 6 குண்டாவே. ஆகவே 9 குண்டா, அதாவது 9,801 சதுர அடி நிலம், ஏட்டிலிருந்து மறைந்துபோகிறது. நிலத்தை யாரும் அபகரிக்கவில்லை. பதிவு செய்தவரிடம் தீய நோக்கமும் இல்லை. பரப்பை எழுத இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டமே இருந்தது என்பதே குறை. தரவுப் பதிவுப் படிவம் ஒன்றை முறையாக அமைக்கக் கற்பது ஏன் இன்றியமையாதது என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

கர்நாடகத்தின் அனுபவம்

நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் மத்திய அரசின் திட்டம் 1988-89இல் எட்டு மாவட்டங்களில் முன்னோடி முயற்சியாகத் தொடங்கியது. தேசியத் தகவலியல் மையத்தின் தொழில்நுட்பத் துணையுடன் கர்நாடகம் நிறைவேற்றிய ‘பூமி’ திட்டம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாடெங்கும் கவனத்தை ஈர்த்தது. ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களுக்குரிய சுமார் 2 கோடிப் பதிவுகள் அத்திட்டத்தின் கீழ்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. அதற்கு முன் இவ்வேடுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் பொறுப்பில் கையெழுத்துப் பிரதிகளாகவே இருந்தன.

பதிவு செய்யப்பட்டவற்றை அச்சிட்டு, மூல ஏட்டுடன் ஒப்பிட்டுத் திருத்தும் பணி கிராமக் கணக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமை மாற்றங்களைப் பதியும் அலுவலர் தம் விரல் ரேகையால் அடையாளம் காட்டிய பின்னரே கணிப்பொறியை இயக்க இயலும் என்ற ஏற்பாடும் செய்யப்பட்டது. எந்திரம் எத்துணை விரைவானதாயினும், அதனுள் செல்லும் விவரம் சரியானதா என்பதற்கு மனிதரே பொறுப்பு என்பதை இவ்வேற்பாடுகள் காட்டுகின்றன.

படிவம் அமைக்கும் முறை

இத்தகைய பெருந்திட்டத்தை ஓர் எழுத்தர் தனியே உருவாக்க இயலாது. ஆனால் தம் அலுவலகத் தேவைக்கான எளிய படிவம் ஒன்றை அவரே அமைத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ‘பேஸ்’ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; இப்பணிக்கு அது போதுமானது.

முதலில் அட்டவணையை வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு விவரத்திற்கும் தனி நிரல் தேவை: கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், ஏக்கர், குண்டா, உடைமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பதிவு நாள். ஒவ்வொரு நிரலும் எழுத்தா, எண்ணா, தேதியா என்பதையும் குறிப்பிட வேண்டும். சர்வே எண்ணை ‘எண்’ என்று வகைப்படுத்துவது பலர் செய்யும் தவறு. அதைக் கொண்டு நாம் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை; எனவே அது எழுத்து வகையிலேயே அடங்க வேண்டும். விரிதாளில் ‘12/3’ என்று இட்டால், மென்பொருள் அதனை ஒரு தேதியாக மாற்றிவிடுவதும் உண்டு. இறுதியாக, ஒவ்வொரு பதிவுக்கும் மீண்டும் வராத ஓர் அடையாள எண்ணை வழங்க வேண்டும். உடைமையாளர் பெயரை இதற்குப் பயன்படுத்தலாகாது. ஒரே கிராமத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர்.

அடுத்து, படிவ வழிகாட்டியைத் திறந்து, திரையில் தோன்ற வேண்டிய நிரல்களைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய பதிவுகளை மட்டும் ஏற்று, பழையவற்றைத் திரையில் காட்டாதிருக்கும் தெரிவு அவ்வழிகாட்டியிலேயே உள்ளது. புதிதாகப் பணியேற்றவர் பழைய பதிவைத் தவறுதலாக மாற்றிவிடாமல் இருக்க இது உதவும்.

மூன்றாவது படி, காவல் விதிகளை அமைப்பதாகும். குண்டாவுக்குரிய கட்டத்தில் குறைந்த அளவு 0, கூடிய அளவு 39 என வரையறுத்தால், ‘45 குண்டா’ என்னும் பொருந்தாப் பதிவு உள்ளே புகாது. ஏருக்குரிய கட்டமாயின், முழு எண்களுக்கு அவ்வரம்பு 99 ஆகும். கிராமத்தின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது நலம். ஒருவர் ‘அத்திபெலே’ என்றும், மற்றொருவர் ‘அத்திப்பள்ளி’ என்றும் பதிந்தால், கணிப்பொறி அவற்றை இரு வேறு ஊர்களாகவே எண்ணும். கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றும் வழங்கும் எல்லைப் பகுதியில் இவ்வெச்சரிக்கை மிகவும் தேவை. கட்டங்களின் வரிசை மூல ஏட்டின் வரிசையை ஒத்திருக்க வேண்டும். பதிவு செய்பவரின் கண் காகிதத்திலும் திரையிலும் ஒரே வழியில் செல்லும்போது தவறு குறையும்.

விதிகளால் தடுக்க இயலாதவை

15 குண்டா என்பதை 25 என்று பதிந்தால், எந்த விதியும் அதனைத் தடுக்காது. இரண்டும் 39க்கு உட்பட்டவையே. துளை அட்டைகள் வழக்கில் இருந்த காலத்திலேயே இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது. ஒருவர் துளையிட்ட அட்டையின் விவரத்தை மற்றொருவர் சரிபார்ப்புப் பொறியில் மீண்டும் தட்டுவார். இரண்டும் வேறுபடும் இடத்தில் பொறி நின்றுவிடும். இன்றும் முக்கியமான நிரல்களுக்கு இரட்டைப் பதிவு முறையைக் கையாளலாம். அதற்கு வசதியில்லாத அலுவலகங்கள், அச்சிட்ட படியை மூல ஏட்டுடன் ஒப்பிடும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

படிவம் தயாரானதும், அதனை உண்மையான ஏட்டின் சில பக்கங்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தல் வேண்டும். எந்தக் கட்டத்தில் பதிவு செய்பவர் தயங்குகிறார், எந்த விவரத்திற்கு இடமே இல்லை என்பன அப்போது புலப்படும். இச்சோதனையில் செலவிடும் ஒரு நாள், பின்னர் திருத்த மனுக்களுக்காகச் செலவாகும் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, நிலம் கையகப்படுத்தப்படும்போது கிடைக்கும் இழப்பீடு ஆகிய அனைத்திற்கும் நிலப் பதிவேடே அடிப்படை. அதில் ஓர் எண் பிறழ்ந்தால், அதனைத் திருத்துவதற்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்குபவர் அந்த விவசாயியே. பிழை செய்தவர் அல்லர். ஆகவே படிவத்தை வடிவமைப்பவர் தம் முன்னுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு குடிமகனின் உரிமையாகக் கருதுவாராக.