கைகளுக்குக் கிடைத்த காகிதம்

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து ‘பாலை’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘மாலை’. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. படம், மடம், பாடு, மாடு எல்லாம் இப்படித்தான். அடிநாவில் பிறக்கும் ககரம் வெளியே தெரிவதே இல்லை. போதாக்குறைக்கு, வீட்டுக்கு, வீட்டில், வீட்டோடு என்று தமிழ் தன் இலக்கணத்தைச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. பேச்சு வேகத்தில் அந்த வால்தான் முதலில் மறையும்.

காது கேளாத பிள்ளைகள் இந்த உதட்டசைவைப் பார்த்தே கணக்கும் அறிவியலும் கற்க வேண்டும் என்று உலகம் ஒரு நூற்றாண்டு காலம் பிடிவாதம் பிடித்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், வகுப்பறையில் சைகை மொழி கூடாது, பேச்சுப் பயிற்சியே போதும் என்று தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்துக்காக அதே மாநாட்டின் வழிவந்த கூட்டம் கனடாவின் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010இல். இடையில் 130 ஆண்டுகள். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டு பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

வாய்ப்பேச்சைக் கையால் நடித்துக் காட்டினால் அது சைகை மொழி ஆகிவிடாது. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் திசை, புருவம், பார்வை எல்லாம் சேர்ந்துதான் பொருள் பிறக்கிறது. இந்திய சைகை மொழியில் கேள்விச்சொல் கடைசியில் வரும்: ‘நீ போ எங்கே’. இல்லை என்பதும் கடைசியில்தான். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்பதும் தவறான எண்ணம். இங்கிலாந்தில் எழுத்துகளை இரண்டு கையால் காட்டுவார்கள், அமெரிக்காவில் ஒரே கையால். ஆங்கிலம் பேசும் இரு நாடுகளுக்குள் ஏன் இந்த வேறுபாடு? காரணம் ஒரு கப்பல் பயணம். 1816இல் பாரிஸ் பள்ளியின் ஆசிரியர் லோரான் கிளேர், அமெரிக்கரான தாமஸ் காலடெட்டுடன் கப்பலேறினார். கிளேர் காது கேளாதவர். வழி நெடுக கிளேர் காலடெட்டுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்க, காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டு ஹார்ட்ஃபர்டில் பள்ளி திறந்தது. அதனால்தான் அமெரிக்கச் சைகை மொழிக்குப் பிரெஞ்சு வாசம் அடிக்கிறது.

அன்று கப்பல் செய்ததை இன்று கைபேசி செய்கிறது. சைகை மொழிகளுக்கு மக்கள் அன்றாடம் புழங்கும் எழுத்து வடிவம் கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரு சைகையைப் படமாக வரைந்து பக்கத்தில் அம்புக்குறி போட்டால், அசைவு பாதி செத்துவிடும். அந்தக் கைகளுக்கு முதன்முதலாகக் கிடைத்த காகிதம் வீடியோதான். டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்களோடு ஒரு வீடியோ அகராதியை வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களானது. 2022இல் ‘சைன் லேர்ன்’ என்ற செயலியாகக் கைபேசிக்கும் வந்தது. தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் என்சிஇஆர்டியின் நூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020இல் ஒப்பந்தம் ஆயிற்று. 2024 டிசம்பரில் பிஎம் இ-வித்யா கல்வித் தொலைக்காட்சியின் 31ஆம் எண் அலைவரிசை சைகை மொழிக்கென்றே தொடங்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானவர்கள் சுமார் 50 லட்சம். அவர்களுக்கு இது தாமதமாக வந்த உரிமை.

ஆனால் பாடத்தை வீடியோவாக்கிவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. திரையின் மூலையில் தபால்தலை அளவு கட்டத்துக்குள் மொழிபெயர்ப்பாளரைப் போட்டால் விரலும் தெரியாது, புருவமும் தெரியாது. அதோடு, கேட்கும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் சொல்வதைக் கேட்கலாம். கேளாத பிள்ளைக்கு இரண்டும் கண்ணின் வேலை. பலகையைப் பார்த்தால் கை தவறும், கையைப் பார்த்தால் பலகை தவறும். சைகை காட்டி முடித்து, படத்தைப் பார்க்க ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர வேண்டும். இந்த இடைவெளி காது கேளாத ஆசிரியருக்கு இயல்பாக வரும்.

காது கேளாதவரே ஆசிரியராவதை மையமாக வைத்தே 2015இல் ஒரு முயற்சி நடந்தது. இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் உல்ரிக்கே ஸெஷான் வழிநடத்த, இந்தியா, கானா, உகாண்டா நாடுகளில் காது கேளாத இளைஞர்களே காது கேளாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள். அச்சிட்ட பாடநூலைப் பிடித்துக்கொள்ளாமல், மாணவர்கள் அன்றாடம் எதிர்ப்படும் படிவம், அறிவிப்பு, விளம்பரம் போன்றவற்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சைகை மொழியில் அலசி, வீடியோவாக இணையத்தில் ஏற்றி, அடுத்தவர் பாடமாக்கினார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் காது கேளாதோர் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக்கிய இணைய நூலகமும் இந்த வழிதான்: ஒரே கதையைப் பல நாட்டுச் சைகை மொழிகளிலும் எழுத்து மொழிகளிலும் சேர்க்கலாம். பிலிப்பைன்ஸ் பிள்ளைக்கு அதன் சொந்தச் சைகையில் கதை கிடைக்கும்.

கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. பலருக்கு அது பெரிய வரம். ஆனால் கருவி பொருத்திய பிறகு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், எல்லாருக்கும் ஒரே பலன் கிடைப்பதும் இல்லை. அதுவரை பிள்ளையை மொழியில்லாமல் காத்திருக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேச்சை உடனே எழுத்தாக்கும் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன. இங்கே நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் வகுப்பில் ‘வந்துட்டாங்க’ என்பார். பிள்ளை புத்தகத்தில் படித்ததோ ‘வந்துவிட்டார்கள்’. காதால் கேட்டு வளர்ந்தவருக்கு இரண்டும் ஒன்றென்று தெரியும். கேளாத பிள்ளைக்கு ‘வந்துட்டாங்க’ புதுச்சொல். அதை யாராவது சைகையில் சொல்லித்தர வேண்டும்.

அந்த ‘யாராவது’ முதலில் அம்மாவாக இருக்கலாம். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் கேட்கும் திறன் உள்ளவர்கள். குழந்தை பிறக்கும்வரை ஒரு சைகைகூட அறியாதவர்கள். சமையலறையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ‘பால்’ என்ற சைகையை ஒரு தாய் அகராதி வீடியோவில் பார்த்து, டம்ளரைக் காட்டி, அதே சைகையைக் காட்டுகிறாள். குழந்தை டம்ளரைப் பார்க்கிறது, அவள் கையைப் பார்க்கிறது, பிறகு தன் கையைத் தூக்குகிறது.